தட்டில் மிஞ்சினால் அப்பா இருக்கிறார்

போன இதழில் ஒரு வாசகி தன் அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். வீட்டில் யார் எதை மிச்சம் வைத்தாலும் கடைசியில் அது அப்பாவின் வயிற்றுக்குத்தான் போகும் என்று. அவ்வளவுதான், 'எங்கள் வீட்டிலும்', 'எங்கள் அம்மாவும்', 'நானே அப்படித்தான்' என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பல கடிதங்கள் சிரிக்க வைத்தன, சில யோசிக்க வைத்தன. அதனால் இந்த இதழில் முழுப் பகுதியும் இந்த ஒரு விஷயத்துக்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டோம்.

கேள்வி: எங்கள் அப்பா தன் சாப்பாட்டை முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். நாங்கள் எப்போது கை கழுவப் போவோம் என்று உட்கார்ந்தே இருப்பார். தம்பி விட்ட பாதி முட்டை, நான் விட்ட ஒரு பிடி சோறு, அம்மா ஒதுக்கிய காய் எல்லாம் வரிசையாக அவர் தட்டுக்குப் போய்ச் சேரும். 'இதைப் போய்த் தூக்கிப் போடுவார்களா?' என்பார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஆனால் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்ன பிறகும் இது நிற்கவில்லை. கேட்டால் 'நான் சாப்பிடுவது ஒரே ஒரு தட்டுதானே' என்கிறார். (கல்லூரி மாணவி)

பதில்: உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு தட்டு என்று அவர் மனதார நம்புகிறார். தனக்கென்று பரிமாறிக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும், அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டது நினைவில் நிற்காது. 1992-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது: 'குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை' என்று சொன்ன சிலரை வைத்து, அவர்கள் சொல்வதையும் உண்மையில் சாப்பிடுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். யாரையும் ஏமாற்றுவதற்காகச் சொன்னதில்லை, அவர்களுக்கே தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வயிறு நிறைந்த பிறகும் அவரால் எப்படி இத்தனையும் சாப்பிட முடிகிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1981-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரே பண்டத்தைச் சாப்பிடச் சாப்பிட அந்தப் பண்டத்தின் மீதுதான் ஆசை குறைகிறது, வேறு சுவையுள்ள பண்டம் வந்தால் மறுபடி வாய் திறக்கிறது. உங்கள் அப்பாவுக்கு வருவது மூன்று பேர் தட்டிலிருந்து மூன்று விதமான பண்டங்கள். தன் தட்டிலேயே இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டிருந்தால் 'போதும்' என்று கையால் தட்டை மறைத்திருப்பார்!

அளவையும் பார்த்துவிடுவோம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி. பாதி முட்டை என்றால் 35-லிருந்து 40 வரை. ஒரு வேளைக்கு ஒரு பிடி சோறும் பாதி முட்டையும் கூடினாலே 100 கலோரியைத் தொட்டுவிடும். கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பெரியவர் தினமும் வழக்கத்தைவிட 24 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டுக்கொண்டே வந்தால் எடை சுமார் 1 கிலோ கூடி அங்கேயே நிற்கும். அதில் பாதி முதல் ஒரு வருடத்தில் வரும், மீதி அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் மெல்ல வரும். அப்படியானால் தினம் 100 கலோரி என்பது நாளடைவில் 4 கிலோ. இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள், பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை, அடுத்தவர் தட்டை விட்டாலே போதும்.

சரி, எப்படி நிறுத்துவது? எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அவர் கையைப் பார்த்துக்கொண்டு 'அப்பா, வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். அவமானமாக இருக்கும், இன்னும் இரண்டு வாய் சேர்த்துச் சாப்பிடுவார். நீங்களும் தம்பியும் அம்மாவும் முதல் முறை போட்டுக்கொள்வதில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பசித்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாமே. பாத்திரத்தில் மிஞ்சினால் அது இன்னும் உணவு, மூடி போட்ட டப்பாவில் எடுத்து வைக்கலாம். யார் தட்டிலாவது மிஞ்சும்போதுதான் அப்பாவின் கை நீளுகிறது. அந்த மிச்சம் விழாமல் பார்த்துக்கொள்வது மிச்சம் வைக்கிற உங்கள் மூவரின் பொறுப்பு, சாப்பிட்டு முடிக்கிற அவருடையது மட்டுமில்லை. டாக்டர் அவருக்குச் சொன்னாலும் மருந்து உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: தட்டில் மிஞ்சியதை எங்கள் நாய்க்குப் போட்டுவிட்டால் அப்பாவும் தப்பிப்பார், உணவும் வீணாகாது இல்லையா? (பத்தாம் வகுப்பு மாணவன்)

பதில்: நல்ல மனசுதான், ஆனால் நாய்க்கு எல்லாவற்றையும் போட முடியாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு ஆகாது, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வெந்த எலும்பு உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். மனிதர்கள் சமைத்ததில் வெங்காயமும் பூண்டும் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாய்க்கு அதன் சாப்பாட்டையே போடு.

கேள்வி: எனக்கு இது மூன்றாவது மாதம். முதல் பையனுக்கு இரண்டு வயது. அவன் கடித்து வைத்தது, துப்பியது, கையில் பிசைந்தது எல்லாவற்றையும் யோசிக்காமல் என் வாயில் போட்டுக்கொள்வேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். பெற்ற பிள்ளையின் எச்சில்தானே, இதில் என்ன?

பதில்: மற்ற நேரமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள்.

சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும். காய்ச்சல், சளி எதுவும் இல்லாமலே கூட வரும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் குழந்தையின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். அம்மாவுக்குக் கர்ப்பகாலத்தில், அதிலும் முதல் சில மாதங்களில் அது புதிதாகத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் போகலாம். அப்படித் தொற்றுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள், ஆனால் சிலருக்குக் காது கேட்பதில் குறை வரும், சிலருக்கு அதைவிடக் கடுமையான பாதிப்பும் வரும். குழந்தைகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமல் போவதற்குக் காரணமான தொற்றுகளில் முதலிடம் இதற்குத்தான்.

அதனால்தான் கர்ப்பிணிகள் சின்னக் குழந்தைகளுடன் ஒரே தட்டில், ஒரே கரண்டியில், ஒரே தம்ளரில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். டயப்பர் மாற்றிய பிறகும் மூக்கு, வாய் துடைத்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முத்தம் கொடுக்காமல் இருக்க முடியாது, வாயில் கொடுக்காமல் உச்சந்தலையில் கொடுங்கள். இதுவரை சாப்பிட்டதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குழந்தைக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாட்களில் அதன் தட்டைத் தொடாதீர்கள். அந்த வைரஸ்கள் ஒரு வீட்டையே இரண்டு நாளில் படுக்க வைத்துவிடும்.

கேள்வி: என் கணவர் சின்ன வயதில் பசியில் வளர்ந்தவர். ஒரு பருக்கையைக் கூட வீணாக்க விடமாட்டார். பிள்ளைகள் மிச்சம் வைத்தால் கோபித்துக்கொண்டே அவரே சாப்பிடுவார், சாப்பிட்டபின் நெஞ்செரிச்சல் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். நான் கொட்டினால் இரண்டு நாள் பேச மாட்டார். அவர் சொல்வது சரியா, நான் சொல்வது சரியா?

பதில்: உணவை மதிக்க வேண்டும் என்பதில் அவர் பக்கம்தான் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பசியை அறிந்தவரிடம் 'கொட்டினால் என்ன?' என்று கேட்பது கொடுமை. அந்தக் கேள்வியை இனி அவரிடம் கேட்காதீர்கள்.

அவர் பயப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் ஹோட்டல்களிலோ கடைகளிலோ வீணாகவில்லை, நம்மைப் போன்றவர்களின் வீடுகளில் வீணானது. தலைக்கு வருடத்துக்கு 79 கிலோ வீட்டிலேயே போகிறது. கோடிக்கணக்கானவர்கள் பட்டினி கிடக்கும் உலகத்தில் இதைப் படிக்கும்போது எனக்கும் மனம் கொதிக்கிறது.

ஆனால் பசியில்லாத வயிற்றில், நெஞ்செரிச்சலுடன் அவர் திணித்துக்கொள்ளும் அந்தக் கடைசி நாலு வாயால் யாருடைய பசி தீர்ந்தது? அந்த உணவு வீணானது நீங்கள் கொட்டும்போதோ அவர் சாப்பிடும்போதோ இல்லை. தேவைக்கு மேல் சமைத்தபோதும், பிள்ளையின் பசி தெரியாமல் அள்ளிப் போட்டபோதும் அது வீணாகிவிட்டது. அதன்பின் அது குப்பைக்கூடைக்குப் போகிறதா அவர் வயிற்றுக்குப் போகிறதா என்பது மட்டும்தான் மிச்சம், இரண்டில் வயிற்றுக்குப் போனால் வலியும் கூடவே வருகிறது.

மனித மனம் இந்த இடத்தில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு பொட்டலச் சாப்பாடு உங்களிடம் இருக்கிறது, ஒன்று தள்ளுபடியில் வாங்கியது, இன்னொன்று முழு விலை கொடுத்து வாங்கியது. நண்பர் வருவதாக நினைத்து இரண்டையும் சூடு செய்துவிட்டீர்கள், நண்பர் வரவில்லை, ஒன்றைத்தான் சாப்பிட முடியும். எதைச் சாப்பிடுவீர்கள்? பெரும்பாலோர் எதுவானால் என்ன என்றார்கள். ஆனால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் முழு விலை கொடுத்ததையே எடுத்தார்கள். சுவையும் அளவும் ஒன்று, காசு ஏற்கனவே போய்விட்டது, ஆனாலும் கை அதற்குத்தான் போகிறது. உங்கள் கணவர் கொடுத்த விலை காசு மட்டுமில்லை, பால்ய காலமே அதில் இருக்கிறது. அதனால் வாதம் செய்து ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் வேண்டாம்.

அவர் அக்கறையைச் சமையலுக்கு முன்னால் கொண்டுபோய் வையுங்கள். எவ்வளவு அரிசி போடலாம் என்று இனி அவர் சொல்லட்டும். பிள்ளைகளுக்கு அவரே பரிமாறட்டும், கொஞ்சமாக. 'இன்னும் வேண்டுமா?' என்று அவர் வாயால் கேட்கட்டும். ஒரு பருக்கை வீணாகக் கூடாது என்று இத்தனை உறுதியாக இருக்கும் மனிதரைவிட இந்த வேலைக்குத் தகுதியானவர் உங்கள் வீட்டில் யார்? அப்புறம், கொட்ட வேண்டி வந்தால் மண்ணில் மக்கவிட்டு உரமாக்குங்கள். குப்பைமேட்டில் அடியில் அமுங்கி அழுகும் உணவிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறும், காற்றுப் படும்படி மக்கினால் அது மிகவும் குறைவு. அவருக்கும் செடிக்குப் போனது என்று ஆறுதலாக இருக்கும்.

கேள்வி: என் நாலு வயது மகள் சாப்பிட உட்காரும்போதே 'மீதியை அப்பா சாப்பிடுவார்' என்கிறாள். பாதித் தட்டு அப்படியே நிற்கிறது. நான் சாப்பிடுவதால்தான் இவள் சாப்பிடுவதில்லையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அவளுக்குப் போட்டது அதிகமாக இருக்கலாம்.

குழந்தை முதல் வருடத்தில் வளர்கிற வேகம் அதன்பின் கிடையாது. பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஒரே வருடத்தில் ஆகிவிடும், அடுத்த வருடம் முழுவதுக்கும் கூடுவது இரண்டரை கிலோ அளவுதான், நாலு வயதில் இன்னும் குறைவு. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகிறது. நம் கண்ணுக்கு மட்டும் அந்தப் பழைய வேகம் பழகிப்போயிருக்கிறது. அதோடு இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதுப் பண்டத்தைக் கண்டால் முகத்தைத் திருப்புவது இயல்பு. ஒரு காயைப் பத்துப் பன்னிரண்டு முறையாவது கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்த பிறகுதான் பல குழந்தைகளுக்குப் பிடிக்க ஆரம்பிக்கிறது, மூன்றாம் முறையே 'இவளுக்குப் பிடிக்காது' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

தட்டைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று நிற்காதீர்கள். லியான் பர்ச் என்ற உளவியலாளர் 1987-ல் சின்னக் குழந்தைகளை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார். ஒரு பிரிவுக் குழந்தைகளிடம் வயிறு என்ன சொல்கிறது, பசிக்கிறதா, நிறைந்துவிட்டதா என்று பேசினார்கள். இன்னொரு பிரிவில் தட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, மணி என்ன, முடித்தால் என்ன பரிசு என்று பேசினார்கள். முதல் பிரிவுக் குழந்தைகள் முன்பே சாப்பிட்டதற்கு ஏற்ப அடுத்துச் சாப்பிடுவதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டார்கள், இரண்டாம் பிரிவுக்கு அது வரவில்லை. வயிற்றின் பேச்சைக் கேட்கும் திறமை குழந்தைக்குக் கூடவே பிறக்கிறது. அதை நாம்தான் மறக்கடிக்கிறோம், மறந்துபோன பெரியவர்கள்தான் பிறகு அடுத்தவர் தட்டையும் முடிக்கிறார்கள்.

எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் ஒரு எளிய பங்கீடு சொல்வார், எனக்கு மிகவும் பிடித்தது. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. அவ்வளவுதான். உங்கள் மகள் கை அளவுக்கு அவளுக்குப் போடுங்கள். கேட்டால் இன்னும் கொஞ்சம். 'மீதியை அப்பா சாப்பிடுவார்' என்று சொன்னால், 'அப்பாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது கண்ணு, உனக்குப் போதுமென்றால் வைத்துவிடு' என்று சொல்லுங்கள். கோபமில்லாமல் சொல்லுங்கள். அவள் உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளப் போவது அந்த 'நிறைந்துவிட்டது'தான்.

எடை குறைகிறது, சோர்வாக இருக்கிறாள், வழக்கமாகச் சாப்பிட்டதையும் நிறுத்திவிட்டாள் என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மதியம் பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றை மேசையிலேயே மூடி வைத்து ராத்திரி நன்றாகச் சூடு செய்து சாப்பிடுகிறேன். சூடு செய்தால் கிருமி செத்துவிடும்தானே?

பதில்: கிருமி சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, சூட்டைத் தாங்கும் விதை போன்ற வடிவில் சோறு வேகும்போதும் பிழைத்திருக்கும். சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அது பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்திதான். சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள், மறுபடி ஆவி பறக்கச் சூடு செய்யுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதுவும் பாத்திரத்தில் கை படாமல் இருந்ததை மட்டும். தட்டில் பிசைந்து எச்சில் பட்டதை எடுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: இந்தப் பழக்கத்தைப் பற்றி எல்லோரும் சிரித்து எழுதுவதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கென்று தட்டு வைத்துச் சாப்பிட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஊட்டுவேன், அவர்கள் விட்டதைச் சமையலறையில் நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வேன், அதுதான் என் சாப்பாடு. பசி அடங்கிவிடுகிறது, திருப்தியே இல்லை. எடையும் கூடுகிறது, களைப்பாகவும் இருக்கிறது. (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

பதில்: உங்கள் கடிதம்தான் என்னை அதிகம் பாதித்தது. இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கலாம் என்று கூடத் தோன்றியது.

பிள்ளைகள் எதை மிச்சம் வைக்கிறார்கள் என்று ஒரு நாள் பாருங்கள். பிடித்ததை முதலில் சாப்பிட்டுவிடுவார்கள். முட்டை, மீன், பருப்பு என்று எது பிடிக்குமோ அது முதலில் காலியாகிவிடும். மிஞ்சுவது பிசைந்த சோறு, ரொட்டியின் ஓரம், எண்ணெய் ஊறிய ஏதோ ஒன்று. அதையே நீங்கள் மூன்று வேளையும் சாப்பிட்டால் கலோரி வந்து சேரும், புரதமும் இரும்புச்சத்தும் வராது. எடை கூடிக்கொண்டே உடம்பு களைத்துப்போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உலகில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. களைப்பை அலட்சியம் செய்யாமல் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள், தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள்.

திருப்தி ஏன் வருவதில்லை என்றால், நீங்கள் சாப்பிடவே இல்லை என்று உங்கள் மனம் நினைக்கிறது. உட்காராமல், பார்க்காமல், ஒரு கையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே விழுங்கியதைச் சாப்பாடு என்று அது எப்படி எடுத்துக்கொள்ளும்?

ஒரு தட்டு எடுங்கள். பிள்ளைகளுக்குப் போடும் அதே நேரத்தில் உங்களுக்கும் போடுங்கள், முட்டையோ மீனோ பருப்போ உங்கள் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு. உட்கார்ந்து சாப்பிடுங்கள். முதல் சில நாட்கள் யாராவது 'தண்ணீர் வேண்டும்', 'கரண்டி விழுந்துவிட்டது' என்பார்கள். எழுந்திருக்காதீர்கள், வீட்டில் இருக்கும் இன்னொரு பெரியவர் எழுந்திருக்கட்டும். அப்படி ஒருவர் இருந்து, இத்தனை நாள் நீங்கள் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்தும் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் விட்டதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கை பரபரத்தால், வயிறு நிறைந்த பிறகு வரும் அந்தப் பரபரப்பு பசியில்லை, பழக்கம்தான், விட்டுவிடுங்கள். தட்டை உடனே கழுவிவிடுவது எளிய வழி.

ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். காத்திருப்பேன்.

கேள்வி: ஹோட்டலுக்குப் போனால் அப்பா தனக்கென்று எதுவுமே சொல்ல மாட்டார். 'எனக்குப் பசியில்லை, நீங்கள் சொல்லுங்கள்' என்பார். கடைசியில் எங்கள் நாலு பேர் தட்டிலும் கை வைப்பார். எங்களுக்கும் பாதிதான் கிடைக்கிறது! இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: பழகிப்போன அப்பாக்கள் இப்படித்தான் செய்வார்கள், எப்படியும் மிஞ்சும், எதற்கு இன்னொன்று என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவார்கள். உள்ளே இன்னொரு கணக்கும் இருக்கும், பிள்ளைகளுக்குக் குறையக் கூடாது என்று. அடுத்த முறை அவருக்குப் பிடித்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவர் மறுத்தாலும் வரட்டும். உங்கள் நாலு பேருக்கு மூன்று போதும், பகிர்ந்துகொள்ளுங்கள். மிஞ்சினால் கட்டித் தரச் சொல்லி வாங்கி வாருங்கள், வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்பதே உங்களில் யாருக்கும் தெரியவில்லை என்றால், ஹோட்டலுக்குப் போவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் நாலாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்ததைக் கடைசியில் சாப்பிடலாம் என்று தட்டு ஓரத்தில் வைப்பேன். அப்பா 'வேண்டாமா? சரி' என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். நான் பதில் சொல்வதற்குள் போய்விடுகிறது. அழுதால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

பதில்: சொல்கிறேன் கண்ணா. அழுததில் தப்பே இல்லை, எனக்கு இருந்தாலும் அழுகை வந்திருக்கும்.

அப்பா, உங்களுக்குத்தான். ஓரத்தில் ஒதுக்கி வைத்ததெல்லாம் வேண்டாதது இல்லை. பிடிக்காததையும் ஒதுக்குவார்கள், மிகவும் பிடித்ததையும் ஒதுக்குவார்கள், பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிள்ளை கை கழுவி எழுந்திருக்கும் வரை அந்தத் தட்டு பிள்ளையுடையது. 'வேண்டாமா?' என்று கேட்டால் பதில் வரும்வரை கையை உங்கள் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும், வாயில் சாப்பாடு இருக்கும் இல்லையா?

நீ ஒன்று செய். சாப்பிட உட்கார்ந்ததுமே எதைக் கடைசிக்கு வைத்திருக்கிறாய் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடு. இதுவரை எடுத்துக்கொண்டதற்கு அப்பா தன் தட்டில் இருந்து நல்லதாக ஒன்று எடுத்துத் தர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள். நான் சொன்னதாகச் சொல்.